புறப்பட்ட ஓடுபாதை புகலிடமன்று

விமானம் தரையைவிட்டு எழுந்த சில விநாடிகளில் அதன் ஒரே எஞ்சின் நின்றுவிட்டால், விட்டுவந்த ஓடுபாதைக்கே திரும்பி இறங்குவதுதான் பாதுகாப்பு என்ற எண்ணம் பயணிகளிடம் மட்டுமன்றிச் செய்தி எழுதுவோரிடமும் வேரூன்றியிருக்கிறது. 'ஏன் திரும்பவில்லை' என்ற கேள்வி, விபத்துக்குப் பின் விமானிமீது சுமத்தப்படும் குற்றச்சாட்டாகவே எழுகிறது. இந்த எண்ணம் பிழையானது, உயிரையும் பறிப்பது.

மட்டக்களப்பு வாவியோரத்துத் திமிலைதீவு விமான நிலையத்திலிருந்து எழும் சிறு பயிற்சி விமானமொன்று, மணிக்கு 120 கிலோமீற்றர் வேகத்தில், 30 பாகை சாய்ந்து வளைவதாகக் கொள்வோம். அந்த வளைவின் விட்டம் ஏறத்தாழ 400 மீற்றர் ஆதலால், விமானம் முகம் திருப்பி முடித்தபோதும் ஓடுபாதை அவ்வளவு தூரம் பக்கவாட்டில் விலகியே கிடக்கும். அதை அடைய மேலும் திரும்பி, பின் எதிர்ப்புறம் வளைந்து நேராக வேண்டும். விமானி திகைத்து நிற்கும் முதற்சில விநாடிகளையும் சேர்த்தால், இதற்குள் நூறு மீற்றருக்கு மேற்பட்ட உயரம் கரைந்துவிடும். வளைவைச் சுருக்க இன்னும் சாய்ந்தாலோ, இறக்கைகள் விமானத்தைத் தாங்கும் ஆற்றலை இழக்கும் வேகம் 45 பாகையில் 19 விழுக்காடும், 60 பாகையில் 41 விழுக்காடும் உயர்கிறது. 'தாங்குவிசை இழப்பு' எனப்படும் அந்நிலை தாழ்வான உயரத்தில் நேர்ந்தால் மீள இடமில்லை.

காற்றையும் மறக்கலாகாது. வாடையாயினும் கச்சானாயினும் விமானம் காற்றை எதிர்த்தே எழுவதால், திரும்பியவுடன் அதே காற்று பின்னிருந்து தள்ளுகிறது. மணிக்கு 110 கிலோமீற்றரில் இறங்கும் விமானம், 25 கிலோமீற்றர் காற்றை எதிர்கொண்டால் 85 கிலோமீற்றரிலும், காற்றோடு சென்றால் 135 கிலோமீற்றரிலும் தரையைத் தொடும். மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாகையால், இரண்டாவது அடி இரண்டரை மடங்கு கொடியது.

2009 ஜனவரி 15 அன்று நியூயோர்க்கில் பறவைகள் மோதி இரு எஞ்சின்களும் உந்துவிசையை இழந்த விமானம் ஹட்சன் ஆற்றில் இறக்கப்பட்டு, 155 பேரும் உயிர்தப்பியதை மறுதரப்பார் தம் வாதத்துக்கே பயன்படுத்துவதுண்டு. உடனே திரும்பியிருந்தால் ஓடுபாதையை எட்டியிருக்கலாம் எனப் பாவனைப் பரிசோதனைகள் சில காட்டின என்பர். ஆனால் நிலைமையை உணர்ந்து முடிவெடுக்கத் தேவையான 35 விநாடிகளைச் சேர்த்தபோது, திரும்பும் முயற்சி மோதலில் முடிந்தது. போதிய உயரம் இருந்தால் திரும்பலாம் என்பது உண்மையே. ஆயினும் அந்த உயரம் பறப்புக்கு முன்பே கணித்து வைக்கப்பட வேண்டியது, ஆபத்தின்போது ஊகிக்கப்படுவதன்று. அதற்குக் கீழே, மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் காத்து, முன்னே இரு பக்கமும் சிறிதளவே விலகி, தென்னைகளையும் கோபுரங்களையும் வீடுகளையும் தவிர்த்து, கிடைக்கும் வெளியில் இறங்குவதே முறை.

மட்டக்களப்பில் அவ்வெளி பெரும்பாலும் வாவியே. ஆழம் குறைந்த அந்நீரில் சக்கரங்கள் முதலில் பட்டு விமானம் குப்புறக் கவிழலாம் என்பதையும், மீனவரின் தோணிகளும் வலைகளும் அங்குண்டு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. என்றாலும் கட்டுப்பாட்டோடு, கதவைத் திறந்துவைத்து நீரில் இறங்குவது, கட்டுப்பாடிழந்து குடியிருப்பின்மேல் விழுவதைவிட எவ்வளவோ மேல். எனவே ஓடுபாதையின் இரு முனைகளுக்கும் அப்பால் புதிய கட்டடத்துக்கோ தொலைத்தொடர்புக் கோபுரத்துக்கோ அனுமதி வழங்குமுன், உள்ளூராட்சிச் சபைகள் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் ஒப்புதலைத் தவறாது பெற வேண்டும்.