எதிர்ப்பு சக்தியை "ஏத்துற" மக்களே, ஒரு நிமிஷம்!

"நோய் எதிர்ப்பு சக்தியை அதிகரிக்க 10 வழிகள்"னு இன்னிக்கும் ஒரு பதிவு கண்ணுல பட்டுச்சு. எழுதறது நம்ம பதிவர்களேதான். கஷாயத்து மேல எனக்கு ஒரு கோபமும் இல்லை, நானும் குடிக்கிறவன்தான். ஆனா அந்த "அதிகரிக்க" இருக்கே, அதோடதான் சண்டை. என்னமோ உடம்புக்குள்ள ஒரு தண்ணித் தொட்டி இருக்கிற மாதிரியும், மட்டம் குறைஞ்சா மோட்டாரைப் போட்டு ஏத்திக்கலாம்ங்கிற மாதிரியும்!

ஒரே ஒரு உதாரணம் பார்ப்போம். ஈ.கோலை, சால்மோனெல்லா மாதிரி பாக்டீரியாக்களோட வெளிச்சவ்வுல எல்பிஎஸ்னு கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்த ஒரு பொருள் இருக்கு. அதை உணர்றது நம்ம செல் மேல இருக்கிற டிஎல்ஆர்4ங்கிற ஏற்பி. 1998-ல் புரூஸ் பாய்ட்லர் குழு எலிகளை வச்சு இதைக் கண்டுபிடிச்சது. 2011 நோபல் பரிசுல அவருக்கும் பங்கு கிடைச்சது.

ஆனா டிஎல்ஆர்4 தனி ஆளா ஒண்ணும் கிழிக்காது. ரத்தத்துல இருக்கிற எல்பிபிங்கிற புரதம் எல்பிஎஸ்ஸை பாக்டீரியா மேலேர்ந்து உருவ உதவணும். சிடி14 அதை வாங்கிக் கைமாத்தி விடணும். கொழுப்பு வால்களைத் தன் பைக்குள்ள செருகிப் பிடிக்கிறது எம்டி-2ங்கிற இன்னொரு சின்னப் புரதம். 2009-ல் வந்த படிக அமைப்பைப் பார்த்தா இன்னும் தமாஷ். ஆறு வால்ல அஞ்சு பைக்குள்ள போயிடுது. ஆறாவது வெளியே நீட்டிக்கிட்டு பக்கத்து டிஎல்ஆர்4-ஐத் தொடுது. இப்படி ரெண்டு ஜோடி ஒட்டிக்கிட்டாத்தான் உள்ளே மணி அடிக்கும்.

இந்தக் கைமாத்தல் இருக்கிறதாலதான் துளியூண்டு எல்பிஎஸ்சுக்கே அலாரம் அடிக்குது. இதுல இன்னும் எதைய்யா ஏத்தப் போறீங்க? ரத்தத்துல கிருமி பரவி, எதிர்ப்பு கட்டுமீறிப் போனா அதுக்குப் பேரு செப்சிஸ். ரத்த அழுத்தம் விழும், உறுப்பு ஒவ்வொண்ணா நிக்கும்.

சரி, குறைச்சுட்டா? டிஎல்ஆர்4 பழுதான எலிகள் நிறைய எல்பிஎஸ் ஊசி போட்டாலும் தாங்குது; ஆனா கொஞ்சம் சால்மோனெல்லா போனாலே செத்துப் போகுது. எம்டி-2 பையை அடைக்கிற எரிடோரான் மருந்தைக் கடும் செப்சிஸ் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தாங்க. 2013-ல் முடிவு வந்தது: சாவு குறையலை.

பெரிய பெரிய ஆளுங்களே திருகத் தெரியாம நிக்கிற இடம் இது. நீங்க என்னடான்னா காலையில வெறும் வயித்துல ரெண்டு ஸ்பூன்ங்கிறீங்க. எந்த ஏற்பி, கூட்டுதா குறைக்குதா, எவ்வளவு? பின்னூட்டத்துல வந்து சொல்லுங்க, காத்திருக்கேன்.