பேட்டரி டிக்கிக்குப் போனால்

பேட்டரியை டிக்கிக்கு மாற்ற ஆசைப்படுபவர்கள் முதலில் போடுவது எடைக் கணக்கு. அது கவர்ச்சியான கணக்குதான். 2.4 மீட்டர் வீல்பேஸ் உள்ள காரில் 15 கிலோ பேட்டரியை 3 மீட்டர் பின்னால் கொண்டுபோனால், முன் அச்சில் சுமார் 19 கிலோ சுமை குறையும். பின் அச்சில் அதே 19 கிலோ ஏறும். நகர்ந்த தூரம் வீல்பேஸைவிட அதிகம் என்பதால் பேட்டரி தன் எடைக்கு மேலேயே வேலை பார்க்கிறது.

கம்பெனிகள் இதை எப்போதோ செய்துவிட்டன. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1959இல் வந்த மினியில் பேட்டரி டிக்கித் தரைக்குள் உட்கார்ந்திருந்தது. 1989இல் வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5இல் டிக்கியின் வலது மூலையில் இருந்தது. பி.எம்.டபிள்யூ 3 சீரிஸ் கார்கள் பலவற்றிலும் பின்னால்தான்.

எடையைப் பார்ப்பவர்கள் கேபிளைப் பார்ப்பதில்லை. பானட்டுக்குள் கைநீளம் இருந்த பிளஸ் கேபிள் இப்போது 5 மீட்டர். செல்ஃப் மோட்டார் 200 ஆம்பியர் இழுக்கும்போது, 16 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள் அந்தத் தூரத்தில் 1 வோல்ட்டுக்கு மேல் தின்றுவிடும். 50 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு 0.35 வோல்ட்டோடு நிற்கும். ஏற்கெனவே களைத்த பேட்டரியில் அந்த ஒரு வோல்ட்தான் "செல்ஃப் எடுக்கல" என்ற புலம்பலுக்கும் வண்டி கிளம்புவதற்கும் உள்ள வித்தியாசம். தடித்த கேபிளில் செம்பு மட்டுமே 2 கிலோவுக்கு மேல் வரும் என்பது வேறு விஷயம். மலிவாக இருக்கிறதே என்று செம்பு முலாம் பூசிய அலுமினியக் கேபிளை வாங்கினால், அதே தடிமனில் மின்தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு.

இதுவரை சொன்னது தொல்லை மட்டும்தான். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. "12 வோல்ட்தானே, ஷாக்கா அடிக்கப்போகிறது?" என்று சொல்பவர், பேட்டரியின் இரண்டு முனையிலும் ஸ்பானர் பட்டு ஒட்டிக்கொண்டதைப் பார்த்திருக்க மாட்டார். நல்ல கார் பேட்டரி ஷார்ட் ஆனால் 1,000 ஆம்பியருக்கு மேல் கொட்டும். காரின் உடம்பு முழுவதும் மைனஸ். அதை ஒட்டியே 5 மீட்டருக்கு ஒரு பிளஸ் கேபிள் ஓடுகிறது. சீட் தண்டவாளத்தின் கீழ், கார்பெட்டுக்கு அடியில், தகரத் துளையின் விளிம்பில் எங்கே இன்சுலேஷன் தேய்ந்தாலும் கேபிள் பழுக்கும். பக்கத்தில் பஞ்சு, ரெக்சின், பெட்ரோல் குழாய்.

ஆகவே ஃபியூஸ் பேட்டரியை ஒட்டியே இருக்க வேண்டும், ஒரு சாணுக்குள். சிலர் பார்க்க வசதியாக இருக்கும் என்று பானட்டுக்குள் செல்ஃப் பக்கம் மாட்டுகிறார்கள். அங்கே மாட்டினால் நடுவில் உள்ள மொத்தக் கேபிளும் காவலின்றிக் கிடக்கும். ஃபியூஸின் அளவும் கேபிள் தாங்கும் அளவை மீறக் கூடாது. தகரத்தைத் துளைக்கும் இடமெல்லாம் ரப்பர் புஷ் வேண்டும். சைலன்சர் பக்கமே போகக் கூடாது. எர்த் எடுக்கும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி வெள்ளைத் தகரம் தெரிந்தபிறகே போல்ட் போட வேண்டும். எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள பழைய எர்த் பட்டையும் இப்போது செல்ஃபின் முழு கரண்டையும் சுமக்கிறது என்பதால் அதையும் தடிமனாக்குவது நல்லது.

இந்த ஷார்ட் ஆபத்துக்கு பி.எம்.டபிள்யூ வைத்த ஏற்பாடு நேர்த்தியானது. 1998இல் வந்த 3 சீரிஸில், மோதல் நடந்தால் பிளஸ் டெர்மினலில் உள்ள சின்ன வெடிமருந்து வெடித்து எஞ்சினுக்குப் போகும் தடித்த கேபிளைத் துண்டித்துவிடும். அபாய விளக்குகள் தொடர்ந்து எரியும்.

அமெரிக்க டிராக் பந்தயங்களை நடத்தும் என்.எச்.ஆர்.ஏ. அமைப்பின் விதி வேறு வழி போகிறது. பேட்டரியை இடம் மாற்றிய காரின் பின்புறத்தில், வெளியே நிற்பவர் கைக்கு எட்டும்படி கட்-ஆஃப் ஸ்விட்ச் வேண்டும். அதை அணைத்தால் எஞ்சினும் நிற்க வேண்டும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பேட்டரியைத் துண்டித்தாலும் ஆல்டர்னேட்டர் கரண்ட் கொடுத்து எஞ்சினை ஓடவைக்கும். ஆல்டர்னேட்டரின் வயரை ஸ்விட்சின் பேட்டரிப் பக்கம் சேர்த்தால்தான் மொத்தமும் அணையும். அப்படிச் சேர்த்தால் எப்போதும் உயிரோடு இருக்கும் இரண்டாவது நீள வயர் கிடைக்கிறது. அதற்கும் தனி ஃபியூஸ்.

பேட்டரியை இறுக்கிக் கட்டுவதை யாரும் பெரிதாக எடுப்பதில்லை. கடும் மோதலில், புவியீர்ப்பைப்போல 20 மடங்கு விசை வந்தால், அந்த 15 கிலோ 300 கிலோவாகிப் பின்சீட்டை நோக்கிப் பாயும். தகரத்தில் முடுக்கிய ஸ்க்ரூ தாங்காது. அடியில் அகலமான வாஷர் கொடுத்து போல்ட் போட வேண்டும். அதிகமாக சார்ஜ் ஆகும் பேட்டரி ஹைட்ரஜன் விடும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும். மாஸ்டா குழாய் வைத்து அந்த வாயுவை வெளியே அனுப்பியது. பழைய எம்எக்ஸ்-5இல் சாதாரண பேட்டரியை மாட்டி, குழாயையும் விட்டுவிட்டவர்களுக்கு டிக்கியின் வலது மூலை ஆசிட்டில் அரித்துப்போகிறது.

வேலை முடிந்தபின் மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி பிளஸ்ஸிலும் மறுமுனையை செல்ஃப் பிளஸ்ஸிலும் வைத்து, இன்னொருவரைச் சாவி திருப்பச் சொல்ல வேண்டும். அரை வோல்ட்டுக்குள் காட்டினால் சரி. டிக்கி மின்சாரப் பூட்டில் திறப்பதாக இருந்தால், பானட்டுக்குள் சிவப்பு மூடி போட்ட ஜம்ப் முனை ஒன்றும் தேவை. பேட்டரி செத்த அன்று டிக்கியும் திறக்காது.