பாசிக்கும் வீட்டில் ஓர் இடம்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் குன்னூர் வீடுகளில் ஒரு வேலை காத்திருக்கும். வாசற்படியில் பிளீச்சிங் பவுடரைத் தூவி, துடைப்பத்தால் அழுத்தித் தேய்த்துப் பாசியை எடுக்க வேண்டும். அக்டோபரில் பிடிக்கும் மழையும் மூடுபனியும் டிசம்பர் வரை நீடிப்பதால் படிக்கட்டு, மதில், ஓட்டுக்கூரை, துணி துவைக்கும் கல் என்று எதன்மேலும் பச்சை ஏறிவிடும். தாத்தா, பாட்டி வழுக்கி விழுந்தால் இடுப்பெலும்புக்கு ஆபத்து. எனவே, இந்தத் தேய்ப்பு அவசியமானதுதான்.

அதே பாசி சென்னையிலும் பெங்களூரிலும் கண்ணாடிக் குடுவைக்குள் ஏறி, பக்கத்தில் ஒரு கூழாங்கல்லையும் வைத்துக்கொண்டு, 'டெரேரியம்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்துவிடுகிறது. அலுவலக வரவேற்பறைகளில் ஒரு சுவர் முழுக்கப் பாசி பதிக்கிறார்கள். ஊட்டிக்கும் குன்னூருக்கும் சுற்றுலா வருகிறவர்களுக்கும் இந்த ஆசை தொற்றிக்கொள்கிறது. மரத்தில் மெத்தை மாதிரி படர்ந்திருக்கும் பாசியைக் கண்டதும், ஒரு பிடி உரித்துப் பையில் போட்டுக்கொள்ளலாமே என்று கை துறுதுறுக்கும். காரில் ஏறி மேட்டுப்பாளையம் இறங்குவதற்குள் அது வாட ஆரம்பித்திருக்கும்.

பாசியை வீட்டுக்குள் கொண்டுவருவதில் தவறில்லை. எதை, எங்கிருந்து கொண்டுவருகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஒரே சொல், பல உயிர்கள்

தமிழில் பாசி என்ற சொல்லுக்குப் பெரிய குடும்பம். குளத்தில் மிதப்பதும் பாசி, சுவரில் படர்வதும் பாசி, மரப்பட்டையில் ஒட்டியிருப்பதும் பாசி. போதாததற்குப் பாசிமணி, பாசிப்பருப்பு வேறு. அலங்காரத்துக்கு வருபவை இவற்றில் இரண்டு: மாஸ், லைக்கன்.

மாஸ் என்பது முழுமையான ஒரு தாவரம். உற்றுப் பார்த்தால் நுணுக்கமான இலைகள் தெரியும், தொட்டால் வெல்வெட். பிளஸ் ஒன் தாவரவியலில் ஃபியூனேரியா என்று படம் வரைந்தவர்களுக்கு நினைவிருக்கலாம். இதற்கு உண்மையான வேர் கிடையாது. பிடித்துக்கொள்ள மெல்லிய இழைகள் மட்டுமே உண்டு. தண்ணீரை உடம்பு முழுவதாலும் உறிஞ்சிக்கொள்ளும். வெயிலில் காய்ந்து சருகாகி, செத்துவிட்டது என்று நினைக்கும்போது நாலு சொட்டு மழை விழுந்தால் சில நிமிடங்களில் பச்சையாக விரியும். பூ கிடையாது, விதை கிடையாது. தூசு போன்ற வித்துகளை விட்டே 40 கோடி ஆண்டுகளுக்கும் மேலாக இந்தப் பூமியில் குடித்தனம் நடத்தும் பரம்பரை இது.

லைக்கன் தனி ஆள் இல்லை, கூட்டுக்குடும்பம். ஒரு பூஞ்சையும் ஒரு பாசியும் சேர்ந்து வாழ்கின்றன. பூஞ்சை வீடு கட்டிக் கொடுக்க, பாசி வெயிலில் சமைத்துப் போடுகிறது. 1867-ல் சுவிட்சர்லாந்துத் தாவரவியலாளர் சைமன் ஷ்வெண்டனர் இதைச் சொன்னபோது, அன்றைய நிபுணர்கள் பலர் ஏற்க மறுத்தார்கள். சாம்பல் கலந்த பச்சையில் காகிதம் போல மரப்பட்டையில் ஒட்டியிருப்பதும், கிழவர் தாடி மாதிரி கிளையிலிருந்து தொங்குவதும், பாறையில் பெயின்ட் சிந்தியதுபோல் வட்ட வட்டமாக இருப்பதும் லைக்கன்களே.

லைக்கனைப் பார்த்ததே இல்லை என்பவர்கள் சமையலறைக்குப் போய் மசாலா டப்பாவைத் திறக்கலாம். செட்டிநாட்டுக் குழம்புக்கும் பிரியாணிக்கும் போடும் கல்பாசி ஒரு லைக்கன்தான். (இதைக் கடல்பாசியோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது ஜெல்லி செய்ய உதவும் அகர் அகர்.) பள்ளி ஆய்வுக்கூடத்தில் அமிலமா காரமா என்று பார்க்கப் பயன்படுத்தும் லிட்மஸ் தாளின் சாயமும் முதலில் லைக்கனிலிருந்து எடுக்கப்பட்டதே.

மரத்தில் இருப்பது மரத்திலேயே இருக்கட்டும்

பெரும்பாலான லைக்கன்கள் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். பாறையோடு ஒட்டிய வகைகள் அதைவிடவும் மெதுவாக வளர்பவை. உள்ளங்கை அகலத்துக்கு ஒன்றை உரித்தால், பல ஆண்டு வளர்ச்சி ஒரு நொடியில் போய்விடும். வீட்டுக்குள் வந்தாலும் அது பிழைக்காது. நனைவதும் காய்வதும் மாறி மாறி வேண்டும். நல்ல வெளிச்சமும் சுத்தமான காற்றும் வேண்டும். காற்றில் கந்தக டை ஆக்ஸைடு கூடினால் பல வகை லைக்கன்கள் மறைந்துவிடும் என்பதால், காற்றின் தரத்தை அறியவே விஞ்ஞானிகள் இவற்றைக் கணக்கெடுக்கிறார்கள். தொழிற்சாலைப் புகையைத் தாங்காத ஒன்று வரவேற்பறை அலமாரியில் எத்தனை நாள் தாங்கும்?

மாஸ் கதை கொஞ்சம் வேறு. அது வீட்டுக்குள் வளரும். ஆனால், சோலைக்காட்டு மரத்தில் இருப்பதற்கு அங்கே வேலை இருக்கிறது. மூடுபனியின் ஈரத்தைப் பிடித்துவைக்கும் பஞ்சு அது. சாம்பல்தலை ஈப்பிடிப்பான் போன்ற குருவிகள் மாஸையும் லைக்கனையும் சிலந்தி நூலால் இணைத்துத்தான் கிண்ணக் கூடு கட்டுகின்றன. சோலையின் மரமும் மண்ணும் பாசியும் சேர்ந்து மழைநீரைத் தேக்கி மெல்ல மெல்ல விடுவதால்தான் மலை ஓடைகள் மழை நின்ற பிறகும் ஓடுகின்றன. கோடையில் குடம் தூக்கும் குன்னூர்க்காரர்களுக்கு அந்த ஓடைகளின் அருமை தெரியும்.

சட்டமும் இதில் கறார்தான். 1927-ம் ஆண்டின் இந்திய வனச் சட்டம், காட்டு விளைபொருள் எது என்று விளக்கும் இடத்தில் புல், கொடி, நாணலோடு மாஸையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. தமிழ்நாட்டில் 1882-ம் ஆண்டிலிருந்தே தனி வனச் சட்டம் இருக்கிறது. காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் எதையும் எடுப்பது குற்றம். 'ஒரு பிடிதானே சார்' என்று வனக்காவலரிடம் சொல்லிப் பயனில்லை.

புல்வெளியின் ஈர ஓரங்களில் பனித்துளி மாதிரி மின்னி, பூச்சியைப் பிடித்துத் தின்னும் டிரோசெராவும், சோலை மரக்கிளைகளில் ஒட்டி வளரும் ஆர்கிட்களும் அப்படியே. படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடலாம்.

சொந்த மதில் போதும்

அப்படியானால் பாசி எங்கே கிடைக்கும்? தேய்த்துக் கொட்டப்போகிற சொந்த வாசற்படியிலேயே கிடைக்கும். பிளீச்சிங் பவுடர் போடுவதற்கு முன், தட்டையான கரண்டியால் மெல்லச் சுரண்டினால் பாசி ஏடு ஏடாக வரும். சமவெளிக்காரர்களுக்கும் வழி உண்டு. மழைக்காலம் முடியும் நேரத்தில் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரிலும், கிணற்றடியிலும், பழைய மண்தொட்டியின் வெளிப்புறத்திலும் பார்த்தால் தெரியும். மதுரைச் சுவரில் வளர்ந்த மாஸ் மதுரை வெயிலுக்குப் பழகியது. குன்னூரிலிருந்து கொண்டுபோனதைவிட அதுவே அந்த ஊரில் நன்றாகப் பிழைக்கும்.

பாத்திரம் தேடி அலைய வேண்டாம். வாய் அகன்ற பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் போதும். அடியில் ஒரு விரல் உயரம் சிறு கூழாங்கல், அதன்மேல் உடைத்த அடுப்புக்கரி கொஞ்சம், மேலே இரண்டு விரல் உயரம் மண். மண்ணை ஈரமாக்கி, மாஸை வைத்து விரலால் நன்றாக அழுத்த வேண்டும். அழுத்துவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. அடியில் காற்று இடைவெளி இருந்தால் பாசி பிடிக்காமல் சுருண்டுவிடும். பிறகு தண்ணீர் தெளித்து, மூடி போட்டு, வெளிச்சம் வரும் ஆனால் வெயில் படாத ஜன்னலோரம் வைக்க வேண்டும். நேர் வெயிலில் வைத்தால் மூடிய பாட்டில் பிரஷர் குக்கராகி, ஒரே மதியத்தில் பாசி வெந்துவிடும்.

காலையில் கண்ணாடியில் லேசாகப் பனி படிந்து, பிறகு விலகினால் ஈரம் சரியாக இருக்கிறது. நாள் முழுக்க முத்து முத்தாக வழிந்தால், ஒரு நாள் மூடியைத் திறந்துவைக்கலாம். பனியே படியவில்லை என்றால் நாலு முறை தெளித்தால் போதும். போர்வெல் தண்ணீர் மட்டும் வேண்டாம். அதிலுள்ள உப்பு இலைமேல் வெள்ளையாகப் படிந்து பாசியைக் கருக்கிவிடும். மழைநீர் நல்லது, இல்லாவிட்டால் ஆர்.ஓ. தண்ணீர். திறந்த தட்டில் வளர்ப்பவர்கள் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். டெங்கு கொசுவுக்கு ஒரு மூடி அளவு தண்ணீரே தாராளம்.

மாஸை மோரில் அடித்துச் சுவரில் பூசினால் பச்சைப் பசேல் என்று முளைக்கும் என்று வீடியோக்களில் செய்து காட்டுகிறார்கள். பாசிக்குப் பாலும் மோரும் உணவில்லை. நம்மூர் வெக்கையில் அது புளித்து, பாசிக்கு முன்னால் பூஞ்சணம் முளைக்கும். மோரைக் குடித்துவிட்டு, காய்ந்த மாஸை உதிர்த்து ஈரக் களிமண்மேல் அழுத்தி, நிழலில் வைத்து ஈரம் காயாமல் பார்த்துக்கொள்வது மேல். சில மாதங்கள் ஆகும். அவசரக்காரர்களுக்கு இது தோதுப்படாது.

நவராத்திரிக் கொலுவில் பூங்கா அமைக்க கேழ்வரகு முளைக்க வைக்கும் வீடுகளில், தட்டில் வளர்த்த மாஸை ஒரு மூலையில் வைத்துப் பார்க்கலாம். மலையும் புல்வெளியும் தானாக வந்துவிடும். டிசம்பரில் அதே தட்டு கிறிஸ்துமஸ் குடிலுக்கும் உதவும்.

மூடிய கண்ணாடியின் கதை

கண்ணாடிக்குள் செடி வளர்க்கும் வித்தை தற்செயலாகக் கிடைத்தது. 1829-ல் லண்டன் மருத்துவர் நதானியேல் வார்ட், ஓர் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈர மண்ணோடு பாட்டிலில் மூடி வைத்தார். மண்ணிலிருந்து ஒரு பெரணியும் ஒரு புல்லும் முளைத்தன. லண்டன் புகையில் அவர் தோட்டத்துப் பெரணிகள் செத்துக்கொண்டிருந்த காலம் அது. 1833-ல் மூடிய கண்ணாடிப் பெட்டிகளில் பெரணிகளையும் மாஸையும் கப்பலேற்றி ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார். சிட்னியில் உயிரோடு போய் இறங்கின. பிறகு உலகத் தாவரங்களே அந்தப் பெட்டிகளில் ஊர் மாறின. சீனத் தேயிலைக் கன்றுகளை ராபர்ட் ஃபார்ச்சூன் இமயமலை அடிவாரத்துக்குக் கொண்டுவந்ததும், 1860-ல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் தென் அமெரிக்காவிலிருந்து சின்கோனா கன்றுகளை நீலகிரிக்குக் கொண்டுவந்ததும் இவற்றில்தான்.

ஜப்பானில் பாசிக்கென்றே கோயில் இருக்கிறது. கியோட்டோவின் சைஹோஜி தோட்டத்தில் 120 வகைக்கு மேல் மாஸ் படர்ந்திருக்கிறது. கூட்டம் மிதித்துப் பாழாகாமல் இருக்க, 1977 முதல் முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டுமே அனுமதி. செடியின் வேரை மண் உருண்டையில் பொதிந்து, மேலே மாஸ் சுற்றி, நூலால் கட்டும் 'கொக்கெடாமா' உருண்டையும் ஜப்பான் கொடுத்ததே. கிட்டத்தட்ட பொரிவிளங்காய் உருண்டை பிடிக்கும் கைப்பக்குவம்தான் அதற்கும் வேண்டும்.

கடையில் வாங்கும்போது

பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. 'ஸ்பானிஷ் மாஸ்' மாஸே அல்ல; அன்னாசிக் குடும்பத்துச் செடி. 'ரெயின்டீர் மாஸ்' வடதுருவப் பக்கத்து லைக்கன். அலுவலகச் சுவர்களில் இருப்பது பெரும்பாலும் கிளிசரின் ஏற்றிச் சாயம் போட்ட, உயிரில்லாத பாசி. அதற்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது, வெயிலும் படக் கூடாது. ஏ.சி. அறைக்கு அது சரிப்படும். குன்னூர் மூடுபனியில் மாட்டினால் ஈரத்தை இழுத்து, கசிந்து, சுவரில் சாயத்தை இறக்கிவிடும். மலைக்கு உயிருள்ள பாசி, ஏ.சி. அறைக்குப் பதப்படுத்தியது என்று வைத்துக்கொண்டால் பணம் வீணாகாது.

ஆர்கிட் தொட்டிக்கு வாங்கும் ஸ்பேக்னம் மாஸ் பொட்டலத்தைப் பிரிக்கும்போது கையுறை நல்லது. அதில் இருக்கக்கூடிய ஒருவகைப் பூஞ்சை, கையில் கீறல் வழியாக உள்ளே போனால் ஆறாத புண் தரும். ரோஜா முள் குத்தியும் இதே தொற்று வருவதுண்டு.

மாஸுக்குத் துணையாக வைக்கச் சின்னப் பெரணி, பெப்பரோமியா, பிகோனியா எல்லாம் நர்சரிகளிலேயே கிடைக்கின்றன. மான்கொம்புப் பெரணியைப் பலகையில் கட்டிச் சுவரில் மாட்டலாம். எதைத் தேர்ந்தெடுப்பது என்று குழம்புகிறவர்கள், 1874-ல் உருவான குன்னூர் சிம்ஸ் பூங்காவில் ஒரு காலை நேரத்தைக் கழிக்கலாம். பள்ளத்தாக்குச் சரிவில் 12 ஹெக்டேர் பரப்பில் இருக்கும் அந்தப் பூங்காவில், நிழலில் எது வளர்கிறது, ஈரத்தில் எது நிற்கிறது என்று மரத்தடியிலேயே பார்த்துவிடலாம். பெரணிப் பைத்தியம் முற்றியவர்களுக்கு ஊட்டி தாவரவியல் பூங்காவின் பெரணி இல்லம் இருக்கிறது.

லைக்கன்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கும் ஒரு வழி உண்டு. பலத்த காற்றடித்த மறுநாள் சொந்தத் தோட்டத்தில் முறிந்து விழுந்த குச்சியைப் பொறுக்கிக்கொள்ளலாம். தரையில் கிடந்தால் அது எப்படியும் மட்கத்தான் போகிறது. மண்ணைத் தட்டி, நிழலில் இரண்டு நாள் காயவைத்து, தண்ணீர் ஊற்றாத ஜாடியில் செருகினால், அந்தச் சாம்பல் பச்சை பல மாதங்கள் அப்படியே இருக்கும். தூசு படிந்தால் பெயின்ட் பிரஷ்ஷால் மெல்லத் தட்டிவிட வேண்டும், ஈரத்துணி வேண்டாம்.