துறைமுக வாயிலோடு முடிந்துவிடும் பாதுகாப்பு

பஹாமாஸ் தலைநகர் நஸாவிலுள்ள அமெரிக்கத் தூதரகம், 2024ஆம் ஆண்டு ஜனவரி 24ஆம் திகதி தனது நாட்டுப் பிரஜைகளுக்குப் பாதுகாப்பு அறிவித்தல் ஒன்றை விடுத்திருந்தது. ஆண்டு பிறந்து நான்கு வாரங்கள்கூட நிறைவுறாத நிலையில் நஸாவில் 18 கொலைகள் இடம்பெற்றுவிட்டதாகவும், குழுக்களுக்கிடையிலான பழிவாங்கலே அவற்றுக்குப் பிரதான காரணம் எனவும், பட்டப்பகலில் நடுவீதியிலும் கொலைகள் நிகழ்வதாகவும் அதில் தெரிவிக்கப்பட்டிருந்தது. மூன்று நாட்கள் கழித்து, அப்போது உலகின் மிகப் பெரிய உல்லாசப் பயணக் கப்பலாக இருந்த ‘ஐகொன் ஒப் த சீஸ்’ மியாமியிலிருந்து தனது கன்னிப் பயணத்தை ஆரம்பித்தது. ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகளை ஏற்றக்கூடிய அக்கப்பல் பஹாமாஸ் கடற்பரப்பில் தரித்து நின்ற இடம் நஸாவ் அல்ல. கப்பல் கம்பனியின் பிடியிலுள்ள கொகோகே என்ற தனியார் தீவே அது.

தற்செயலாக ஒரே வாரத்தில் நிகழ்ந்தவையாயினும், குற்றச்செயல்கள் மலிந்த துறைமுகங்களில் பயணிகளின் பாதுகாப்பு இன்று எவ்வாறு நோக்கப்படுகின்றது என்பதை இவ்விரு நிகழ்வுகளும் தெளிவாக உணர்த்துகின்றன. தூதரகம் எச்சரிக்கின்றது, அரசாங்கம் மறுக்கின்றது, கப்பல் கம்பனி வேலி கட்டுகின்றது. இம்மூன்றில் எதுவுமே குற்றத்தைக் குறைக்கவில்லை என்பதையே நாம் இங்கு சுட்டிக்காட்ட விரும்புகின்றோம்.

பஹாமாஸ் சுமார் 4 இலட்சம் மக்களைக் கொண்ட சிறிய நாடு. 2024ஆம் ஆண்டில் அங்கு சென்ற வெளிநாட்டவரின் எண்ணிக்கை 1 கோடியே 12 இலட்சமாகும். அவர்களுள் 90 இலட்சத்துக்கும் அதிகமானோர் கடல் மார்க்கமாகச் சென்றவர்கள். நஸாவ் துறைமுகம் 2019ஆம் ஆண்டு தனியார் நிறுவனமொன்றிடம் 25 ஆண்டு கால உடன்படிக்கையின் கீழ் ஒப்படைக்கப்பட்டு, சுமார் 300 மில்லியன் டொலர் செலவில் புதுப்பிக்கப்பட்டு, 2023ஆம் ஆண்டு மே மாதம் கோலாகலமாகத் திறந்து வைக்கப்பட்டது. ஒரே நாளில் 25 ஆயிரத்துக்கும் அதிகமான பயணிகள் அங்கு வந்திறங்கிய நாட்களும் உண்டு. காலையில் இறங்கி மாலையில் கப்பலேறும் இந்த மனிதத் திரளை நம்பியே டாக்ஸிச் சாரதிகளும், வைக்கோல் சந்தையில் கூடை பின்னி விற்கும் பெண்களும், படகோட்டிகளும் தமது ஜீவனோபாயத்தை நடத்தி வருகின்றனர்.

அதே நாட்டில் 2015ஆம் ஆண்டில் 146 கொலைகள் இடம்பெற்றன. 2024இல் அந்த எண்ணிக்கை 120 ஆக இருந்தது. இலட்சம் பேருக்கு 30 என்ற இந்த விகிதம் எந்தவொரு நாட்டையும் கவலைகொள்ளச் செய்யக்கூடியதே. ஆயினும் கொல்லப்பட்டவர்கள் யார் என்ற கேள்வியை யாரும் பெரிதாக எழுப்புவதில்லை. அவர்களில் மிகப் பெரும்பான்மையினர் உள்ளூர் இளைஞர்கள். அமெரிக்க இராஜாங்கத் திணைக்களமே, குழு வன்முறைகள் பிரதானமாக உள்ளூர் மக்களையே பாதிப்பதாகத் தனது பயண ஆலோசனையில் ஒப்புக்கொண்டுள்ளது. ஷேர்லி வீதிக்குத் தெற்கே, ‘குன்றுக்கு அப்பால்’ என அழைக்கப்படும் பகுதியில் அவதானமாக இருக்கும்படியும் அந்த ஆலோசனை கூறுகின்றது.

அந்தக் குன்றுக்கு அப்பால் இருப்பது வேறு உலகமல்ல. துறைமுகத்திலிருந்து நடந்தே செல்லக்கூடிய தூரத்திலுள்ள கிரான்ட்ஸ் டவுன், பெய்ன் டவுன் போன்ற குடியிருப்புகளே அவை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட ஆபிரிக்க மக்கள் குடியேறி உருவாக்கிய ஊர்கள். துறைமுகத்தைப் புதுப்பிக்கப் பல நூறு மில்லியன் டொலர் திரட்டப்பட்ட வேளையில், அதன் கொல்லைப்புறத்திலுள்ள இம்மக்கள் துப்பாக்கிச் சத்தத்துக்கு மத்தியில் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பிக்கொண்டிருந்தனர். பயணிக்கு அது சில மணி நேர அச்சம். அவர்களுக்கோ அன்றாட வாழ்க்கை.

இதற்காகப் பயணிகளின் அச்சத்தை எள்ளி நகையாடுவதற்கில்லை. 2009ஆம் ஆண்டு நவம்பரில், கப்பல்களில் வந்து நஸாவில் இயற்கைச் சுற்றுலாவொன்றில் ஈடுபட்டிருந்த 18 பேர் துப்பாக்கி முனையில் கொள்ளையிடப்பட்டனர். அவர்கள் தாமாக வழிதவறிச் சென்றவர்கள் அல்லர்; ஒழுங்கு செய்யப்பட்ட சுற்றுலாவில் சென்றவர்கள். இத்தகைய சுற்றுலாக்களைக் கப்பலின் மேல்தளத்தில் வைத்துக் கம்பனி விற்பனை செய்கின்றது. கரையில் அவற்றை நடத்துவது உள்ளூர் ஒப்பந்தக்காரர். அசம்பாவிதம் ஏதும் நேர்ந்தால், அவர் சுயாதீனமான ஒப்பந்தக்காரர் என்றும் அவரது செயலுக்குத் தாம் பொறுப்பல்ல என்றும் கூறும் வாசகம் பயணச்சீட்டிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அதனை வாசித்துவிட்டுக் கப்பலேறும் பயணி ஆயிரத்தில் ஒருவர்கூட இருப்பாரா என்பது சந்தேகமே.

எனினும் நீதிமன்றங்கள் இவ்விடயத்தில் மௌனமாக இருந்துவிடவில்லை. ‘டொல்பின்’ என்ற கப்பலில் நஸாவுக்குச் சென்ற பயணிகள் சிலர், கப்பல் அலுவலர் அளித்த ஊக்குவிப்பின் பேரில் ஜீப் வண்டியொன்றை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு கடற்கரைகளைப் பார்க்கச் சென்றவிடத்து, முகமூடி அணிந்த துப்பாக்கிதாரிகளின் தாக்குதலுக்கு இலக்காகினர். அவர்களில் ஒருவர் உயிரிழந்தார். இவ்வழக்கில் புளோரிடா மாநில மேன்முறையீட்டு நீதிமன்றம் 1985ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. பயணிகள் செல்லக்கூடும் என எதிர்பார்க்கப்படும் இடங்களில் ஆபத்து உள்ளதென்பதை அறிந்திருந்தும், அல்லது அறிந்திருக்க வேண்டியிருந்தும், அதனை அவர்களுக்கு எடுத்துக்கூறாதிருப்பது கம்பனியின் கடமை தவறல் என்பதே அத்தீர்ப்பின் சாரம். கன்னித் தீவுகளைச் சேர்ந்த சென் தோமஸில் 2010ஆம் ஆண்டு குழுச் சண்டையொன்றின் நடுவே சிக்கிப் பயணி ஒருவர் பலியான சம்பவத்திலும், அமெரிக்காவின் 11ஆவது சுற்று மேன்முறையீட்டு நீதிமன்றம் 2012இல் இதே நிலைப்பாட்டையே எடுத்தது.

ஆகவே எச்சரிக்க வேண்டிய கடமை உண்டு என்பதில் இரு வேறு கருத்துகளுக்கு இடமில்லை. ஆனால் அக்கடமை எவ்வாறு நிறைவேற்றப்படுகின்றது என்பதே பிரச்சினை. ‘விலையுயர்ந்த நகைகளை அணிய வேண்டாம், இருட்டிய பின் தனியே செல்ல வேண்டாம்’ என உலகின் எந்த நகரத்துக்கும் பொருந்தக்கூடிய நாலு வரிகளை வாசித்துவிட்டால் சட்டத்தின் வாயை அடைத்துவிடலாம். எந்தப் பகுதி, எந்த நேரம், எத்தகைய குற்றம் என்று சொல்லப்படுவதில்லை. அமெரிக்காவில் 2010ஆம் ஆண்டு நிறைவேற்றப்பட்ட உல்லாசக் கப்பல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வெளியிடப்படும் புள்ளிவிபரங்களும் கப்பலில் நிகழும் குற்றங்களைப் பற்றியவையே. கரையில் பயணிக்கு நேர்ந்தவை அக்கணக்கில் இடம்பெறுவதில்லை. எந்தத் துறைமுகம் எவ்வளவு பாதுகாப்பானது என அறிய விரும்பும் ஒரு சாதாரண பயணிக்கு வதந்தியையும் விளம்பரத்தையும் தவிர வேறு துணையில்லை.

குற்றவாளிகளுக்கு வாய்ப்பான இன்னொரு விடயமும் உண்டு. பாதிக்கப்பட்டவர் மாலையில் கப்பலேறிச் சென்றுவிடுவார். சந்தேகநபர் பிடிபட்டாலும் அடையாள அணிவகுப்புக்கோ நீதிமன்ற விசாரணைக்கோ சாட்சி இல்லை. வழக்கு நாளடைவில் நீர்த்துப்போகும். உல்லாசப் பயணியைக் கொள்ளையிடுபவன் பணப்பையை மாத்திரம் குறிவைப்பதில்லை. சாட்சியம் அளிக்கத் திரும்பி வரமாட்டாத ஒருவரையே அவன் தெரிவு செய்கின்றான்.

இனி அரசாங்கத்தின் பதிலைப் பார்ப்போம். தூதரக அறிவித்தலை அடுத்து பஹாமாஸ் அரசாங்கம், அதில் குறிப்பிடப்பட்ட சம்பவங்கள் நாட்டின் பொதுவான பாதுகாப்பு நிலையைப் பிரதிபலிக்கவில்லை என அறிக்கை விடுத்தது. பிரதமர் பிலிப் டேவிஸ் பொலிஸ் நடமாட்டமும் வீதிச் சோதனைகளும் அதிகரிக்கப்படும் என்றார். பொருளாதாரத்தின் பெரும்பகுதி உல்லாசப் பயணத்துறையில் தங்கியுள்ள ஒரு நாட்டின் தலைவர் வேறு எப்படிப் பேசுவார் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஒரு துறைமுகத்தின் பெயர் கெட்டுவிட்டால் மீள எடுக்கும் காலம் சிறிதல்ல. மெக்ஸிக்கோவின் மஸட்லான் துறைமுகத்தை 2011ஆம் ஆண்டு கப்பல் கம்பனிகள் வன்முறை காரணமாகக் கைவிட்டன. அவை மீண்டும் அங்கு வரத் தொடங்கியது 2013இன் இறுதியில்தான். அத்துறைமுகத்தில் குற்றமிழைத்தவர்கள் சிலர். தண்டனை அனுபவித்தவர்களோ அங்கு கடை விரித்திருந்த அனைவருமே.

அதேவேளை, பஹாமாஸ் தரப்பில் ஒரு நியாயமான குற்றச்சாட்டும் உள்ளது. அந்நாட்டில் துப்பாக்கி உற்பத்தி கிடையாது. கொலைகளுக்குப் பயன்படும் சட்டவிரோத ஆயுதங்களில் மிகப் பெரும்பாலானவை அமெரிக்காவிலிருந்து, குறிப்பாக அண்மையிலுள்ள புளோரிடாவிலிருந்து கடத்தி வரப்படுபவை. 2023 ஏப்ரலில் போர்ட் ஒப் ஸ்பெயினில் கூடிய கரீபியன் நாடுகளின் தலைவர்கள் இதனை வன்மையாக எடுத்துரைத்ததுடன், அமெரிக்கத் துப்பாக்கி உற்பத்தியாளர்களுக்கு எதிராக மெக்ஸிக்கோ தொடுத்த வழக்குக்கும் ஆதரவு தெரிவித்தனர். அவ்வழக்கை அமெரிக்க உயர் நீதிமன்றம் 2025 ஜூனில் ஏகமனதாக நிராகரித்துவிட்டது. துப்பாக்கியும் புளோரிடாவிலிருந்து வருகின்றது. பயணியும் புளோரிடாவிலிருந்தே வருகின்றார். பயணியை எச்சரிக்கும் வல்லரசு, துப்பாக்கியைத் தடுக்க அதே அக்கறையைக் காட்டாதது ஏன் என்று அச்சிறு நாடு கேட்பதில் தவறேதும் இல்லை.

கப்பல் கம்பனிகளின் பதில்தான் எல்லாவற்றிலும் எளிதானது. அவர்கள் தமக்கெனத் தீவுகளையும் கடற்கரைகளையும் அமைத்துக்கொண்டுள்ளனர். டிஸ்னியின் காஸ்ட்அவே கே 1998இலிருந்தும், எம்.எஸ்.சி. நிறுவனத்தின் ஓஷன் கே 2019இலிருந்தும் இயங்கி வருகின்றன. கிரான்ட் பஹாமா தீவில் கார்னிவல் நிறுவனத்தின் செலிப்ரேஷன் கீ 2025 ஜூலையில் திறக்கப்பட்டது. அங்கு கொள்ளையருக்கு இடமில்லை. ஆனால் கம்பனியின் அனுமதியின்றிக் கடை விரிக்க உள்ளூர் வியாபாரிக்கும் இடமில்லை. குடிபானத்திலிருந்து குடை வாடகை வரை வருமானத்தின் பெரும்பங்கு கம்பனியையே சேரும். நஸாவ் துறைமுகம் அஞ்சத்தக்கதாகக் கருதப்படும் ஒவ்வொரு நாளும் இத்தீவுகளுக்கு இலாபமே என்பதை மறந்துவிடலாகாது.

அந்த வேலியாவது நிரந்தரமானதா? ஹெய்ட்டியின் வட கரையில் ரோயல் கரீபியன் நிறுவனம் 1980களிலிருந்து குத்தகைக்கு வைத்திருக்கும் லபாடி இதற்குத் தக்க சான்று. வேலியிட்டு, காவல் போட்டு, நாட்டின் ஏனைய பகுதியிலிருந்து துண்டிக்கப்பட்ட கடற்கரை அது. தலைநகரிலிருந்து வெகு தொலைவிலும் உள்ளது. ஆயினும் ஹெய்ட்டியில் ஆயுதக் குழுக்களின் வன்முறை பெருகிய வேளையில், 2024 மார்ச்சில் கப்பல்கள் அங்கு செல்வது நிறுத்தப்பட்டது. இடையில் சிறிது காலம் சென்று வந்த பின், 2025 ஏப்ரலில் மறுபடியும் நிறுத்தப்பட்டது. ஊர் பற்றியெரியும்போது வேலி மட்டும் குளிர்ந்திருக்க முடியாது.

எனவே செய்ய வேண்டியவை வேறு. கரையில் பயணிகளுக்கு நேரும் குற்றங்களைத் துறைமுக வாரியாகப் பகிரங்கப்படுத்தும் கடப்பாடு கம்பனிகளுக்கு விதிக்கப்பட வேண்டும். சொந்த நாடு திரும்பியவர் காணொளி மூலம் சாட்சியமளிப்பதற்கான ஏற்பாட்டைத் துறைமுக நாடுகளின் நீதிமன்றங்கள் வழமையாக்க வேண்டும். பயணி வரியில் ஒரு பங்கு துறைமுகத்தை அண்டிய குடியிருப்புகளின் பாடசாலைகளுக்கும் தொழிற்பயிற்சிக்கும் வீதி விளக்குகளுக்கும் ஒதுக்கப்பட வேண்டும். இவற்றைத் தனியொரு நாடு கேட்டால் கப்பல் அடுத்த தீவுக்குத் திரும்பிவிடும். 1990களின் ஆரம்பத்தில் கரீபியன் நாடுகள் பொதுவான பயணி வரியொன்றை விதிக்க முனைந்து, கம்பனிகளின் எதிர்ப்பினாலும் தமக்கிடையிலான போட்டியினாலும் தோல்வி கண்டமை இதற்கு உதாரணம். அத்தோல்வியின் பாடம் ஒற்றுமையின் அவசியமேயன்றி முயற்சியின் வீண்தன்மை அல்ல.

எமது நாடும் இதனைக் கருத்தூன்றிப் பார்க்க வேண்டும். 2023 ஜூனில் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘எம்பிரஸ்’ உல்லாசக் கப்பல் அம்பாந்தோட்டைக்கும் திருகோணமலைக்கும் காங்கேசன்துறைக்கும் வந்து சென்றபோது, வடக்கிலும் கிழக்கிலும் புதிய எதிர்பார்ப்புகள் துளிர்விட்டன. 2024 ஒக்டோபரில் அறுகம்பேயைத் தவிர்க்குமாறு அமெரிக்கத் தூதரகம் விடுத்த ஒரே அறிவித்தல், பின்னர் விலக்கிக்கொள்ளப்பட்ட போதிலும், ஒரு கரையோர ஊரின் பிழைப்பை எவ்வளவு விரைவாக உலுக்கக்கூடும் என்பதையும் நாம் கண்டோம். அச்சுறுத்தலின் தன்மை வேறாயினும் பாடம் ஒன்றே. 2025 பெப்ரவரியில் புதுக்கடை நீதிமன்றத்துக்குள்ளேயே ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்ட நாட்டில், பாதாள உலகக் கோஷ்டிகளின் துப்பாக்கிகள் உல்லாசப் பயணியைத் தொடும் வரை அது பெரிய விடயமல்ல என்று எவரும் அலட்சியமாக இருந்துவிட முடியாது.

கப்பலில் வருபவருக்கு ஒரு நாள் பாதுகாப்பை ஏற்பாடு செய்வது கடினமல்ல. சில பொலிஸாரும் ஒரு வேலியும் போதும். அந்த ஊரில் பிறந்து, அங்கேயே உழைத்து, அங்கேயே உறங்குபவர் இருட்டிய பின் அச்சமின்றி வீடு திரும்ப முடியுமாயின், வந்து போகின்றவருக்குத் தனியான காவல் தேவைப்படாது. துறைமுகங்களின் பாதுகாப்பை அளப்பதற்கு அதைவிடச் சரியான அளவுகோல் வேறில்லை என்பதே எமது நிலைப்பாடாகும்.