தீயை மூட்டினா குளிரும் பெட்டி

கேம்பர் வேன் வாடகைக்கு எடுக்குற நம்ம மக்கள் கேக்குறது ரெண்டே கேள்விதான். எத்தனை பேர் படுக்கலாம்? மைலேஜ் எவ்வளவு? உள்ள இருக்குற ஃப்ரிட்ஜ் எந்த வகைன்னு யாரும் கேக்குறதில்லை. ஊர்லேருந்து வந்த அப்பா அம்மாவை, அவங்க இன்சுலினோட கூட்டிக்கிட்டு கோடையில அரிசோனா பக்கம் கிளம்புறவங்க முதல்ல கேக்க வேண்டியது அதைத்தான். இதுதான் என் கட்சி.

எல்லா ஃப்ரிட்ஜும் அடிப்படையில் நம்ம மண்பானைதான். திரவம் ஆவியாகும்போது பக்கத்துல இருக்குற சூட்டை எடுத்துக்கிட்டுப் போகும். அந்த ஆவியை மறுபடி திரவமாக்குறதுலதான் வித்தியாசமே. வீட்டு ஃப்ரிட்ஜ்ல கம்ப்ரசர் அதை அமுக்குது. பல கேம்பர்களில் இருக்கிற 'த்ரீ-வே' ஃப்ரிட்ஜில் (கேஸ், 12 வோல்ட் பேட்டரி, வீட்டுக் கரண்ட் மூணுலயும் ஓடும்) அந்த வேலையைச் சூடு செய்யுது. ஒரு சின்னத் தீ, தண்ணியில கரைஞ்ச அம்மோனியாவைக் கொதிக்க வச்சுப் பிரிக்கும். அது பின்பக்கக் குழாயில ஆறித் திரவமாகி, ஹைட்ரஜன் இருக்குற பகுதிக்கு வந்து ஆவியாகும்போது பெட்டி குளிரும். அப்புறம் தண்ணி அதைத் திரும்ப உறிஞ்சிக்கும். 1922-ல் ஸ்டாக்ஹோமில் பால்ட்சர் வான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ்னு ரெண்டு மாணவர்கள் கண்டுபிடிச்சது. மோட்டாரும் இல்லை, சத்தமும் இல்லை. என்ன மூளை பாருங்க!

ஆனா ரசிக்கிறது வேற, அதை நம்பி மருந்து வைக்கிறது வேற. உள்ளே திரவம் ஓடுறது புவியீர்ப்புலதான். வண்டியைச் சாய்வா நிறுத்தினா ஓட்டம் தடைபட்டு குளிர் போயிடும். அப்படியே ரொம்ப நேரம் ஓடவிட்டா ஃப்ரிட்ஜே நிரந்தரமா கெட்டுப் போகலாம். வெளியே 40 டிகிரி வெயில்னா திணறும். பெட்ரோல் பங்க்குக்குள்ள நுழையுறதுக்கு முன்னாடி தீயை அணைக்கணும். "பேட்டரியில ஓட்டிக்கலாமே"ன்னு கேப்பீங்க. சுமார் 10 ஆம்பியர் இழுக்கும் சாமி! 100 ஆம்பியர்-அவர் லெட் ஆசிட் பேட்டரியில பாதியைத்தான் எடுக்கலாம்னு வச்சா, 5 மணி நேரத்துல கதை முடிஞ்சுது. இன்ஜின் ஓடும்போது மட்டும்தான் அது சரிப்படும்.

12 வோல்ட் கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ் சுமார் 4 ஆம்பியர்தான் கேக்கும், அதுவும் விட்டு விட்டுத்தான் ஓடும். அதே பேட்டரி கிட்டத்தட்ட ஒரு நாள் தாங்கும். கூரையில சோலார் பேனல் இருந்தா இன்னும் நிம்மதி. வண்டி கொஞ்சம் சாய்ஞ்சு நின்னாலும் அது கண்டுக்காது.

த்ரீ-வே வேஸ்ட்டுன்னு சொல்ல வரலை. குளிர்ப் பிரதேசத்துல, சமதளமான இடத்துல, கரண்ட்டே இல்லாம பத்து நாள் தங்குறவங்களுக்கு ஒரு கேஸ் சிலிண்டரோட அதுதான் ராஜா. ஆனா திறக்காத இன்சுலின் 2-லேருந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணும். உறைஞ்சு போச்சுன்னா தூக்கித்தான் போடணும். மோர் புளிச்சா பரவாயில்லை, மருந்து கெட்டா வெளியில தெரியக்கூட தெரியாது.

அதனால வண்டிக்காரன்கிட்ட "கம்ப்ரசரா, கேஸா?"ன்னு கேட்டுட்டு அட்வான்ஸ் கொடுங்க. எதுவா இருந்தாலும் ஒரு சின்ன தெர்மாமீட்டரை உள்ள போட்டு, மொத நாள் ராத்திரியே ஆன் பண்ணி, காலையில பார்த்துட்டுக் கிளம்புங்க :)