மறுப்புக் கடிதம் தீர்ப்பு அல்ல

புனேயிலிருந்து மும்பை செல்லும் பழைய நெடுஞ்சாலையில் பிம்ப்ரி, சிஞ்ச்வட், அகுர்டி ஆகியவற்றைக் கடந்தால் நிக்டி வரும். மோட்டார் வாகனத் தொழிற்சாலைகளையும் அவற்றுக்கு உதிரிபாகங்கள் செய்யும் பட்டறைகளையும் நம்பி எழுந்த குடியிருப்புகளின் வட்டாரம் இது. மராட்டிய உழைப்பாளிகளோடு, பிழைப்புத் தேடி வந்து வேரூன்றிய தமிழ்க் குடும்பங்களும் இங்கு வாழ்கின்றன.

இங்குள்ள தொழிலாளி ஒருவரை எண்ணிப் பார்ப்போம். ஆறு ஆண்டுகளாக இடைவெளியின்றி மருத்துவக் காப்பீட்டுக்குப் பிரீமியம் கட்டி வருகிறார். மனைவிக்கு மாரடைப்பு; தனியார் மருத்துவமனையில் ஸ்டென்ட் வைக்கப்படுகிறது. இன்சூரன்ஸ் நிறுவனத்திடமிருந்து வருவதோ இரண்டு வரிக் கடிதம்: ‘முன்பே இருந்த ரத்த அழுத்தத்தை மறைத்துவிட்டீர்கள், கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.’ குடும்பம் நகையை அடகு வைக்கிறது, வட்டிக்குக் கடன் வாங்குகிறது. கடிதம் பீரோவுக்குள் போய்விடுகிறது.

இத்தகைய கடிதங்கள் பீரோவுக்குள் போய்விடுவதில்தான் நிறுவனங்களின் லாபம் இருக்கிறது.

கட்டியது எவ்வளவு, கிடைத்தது எவ்வளவு?

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் 2023-24 ஆண்டறிக்கையே இதற்குச் சாட்சி. அந்த ஆண்டில் மருத்துவக் காப்பீட்டின் கீழ் கோரப்பட்ட தொகை சுமார் 1.17 லட்சம் கோடி ரூபாய். வழங்கப்பட்டது 83,493 கோடி, அதாவது நூற்றுக்கு 71 ரூபாய். 10,937 கோடி ரூபாய்க்கான கோரிக்கைகள் அடியோடு நிராகரிக்கப்பட்டன. ‘பாலிசி நிபந்தனைகளின்படி ஏற்க இயலாது’ என்று கழிக்கப்பட்டது மேலும் 15,100 கோடி. இரண்டையும் கூட்டினால் ஒரே ஆண்டில் 26,000 கோடி ரூபாய்க்கு மேல். எஞ்சியவை நிலுவை.

இதில் பொய்யான கோரிக்கைகளும் இருக்கலாம், மறுப்பதற்கில்லை. ஆனால் நிராகரித்தால் பணம் மிஞ்சும் என்ற நிலையில் உள்ள நிறுவனமே கோரிக்கையின் நியாயத்தையும் தீர்மானிக்கிறது. வழக்கின் ஒரு தரப்பே நீதிபதியின் நாற்காலியிலும் அமர்ந்திருக்கிறது. ஆகவே, மறுப்புக் கடிதம் தீர்ப்பு அல்ல. எதிர்த்தரப்பின் வாதம் மட்டுமே. அதற்குப் பதில் சொல்லும் உரிமை நமக்கு உண்டு.

பதில் எங்கே இருக்கிறது?

நிக்டித் தொழிலாளிக்கே திரும்புவோம். 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த ஒழுங்குமுறைகளின்படி, தொடர்ச்சியாக 60 மாதங்கள் பாலிசி நடப்பில் இருந்தால், தகவலை மறைத்தார் என்ற காரணத்தைக் காட்டிக் கோரிக்கையை மறுக்க முடியாது. மோசடி நிரூபிக்கப்பட்டால் மட்டுமே விலக்கு. முன்பு இது எட்டு ஆண்டுகளாக இருந்தது. அவர் கட்டிய ஆறு ஆண்டுப் பிரீமியமே அவர் கையிலுள்ள ஆயுதம். ஆனால் அதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

ஐந்து ஆண்டுகள் நிறைவடையாதவர்களும் சோர்ந்துவிட வேண்டியதில்லை. முதுகுத்தண்டுக் கோளாறைத் தெரிவிக்காமல் ஆயுள் காப்பீடு எடுத்த ஒருவர் இதய நோயால் இறந்த வழக்கில், மறைக்கப்பட்ட நோய்க்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்பதைச் சுட்டி, நிறுவனத்தின் மறுப்பை உச்சநீதிமன்றம் 2015இல் ஏற்க மறுத்தது. விண்ணப்பதாரரின் உடல்நிலையை மதிப்பிட்டுப் பாலிசி வழங்கிய பிறகு, அவர் ஏற்கெனவே தெரிவித்திருந்த உடல்நிலையைக் காரணம் காட்டி மறுக்கக் கூடாது என 2021 டிசம்பரில் தீர்ப்பளித்தது.

அதேசமயம், முக்கியமான நோயை மறைத்தவர்கள் நீதிமன்றத்தில் தோற்றதும் உண்டு. எனவே, ஏஜெண்ட் நிரப்பித் தரும் விண்ணப்பத்தில் படிக்காமல் கையெழுத்திடும் பழக்கத்தை நாம் கைவிட வேண்டும்.

பகுதிப் பணம் மட்டும் தரும் தந்திரத்தையும் அறிந்திருக்க வேண்டும். பாலிசி அனுமதிக்கும் அறை வாடகை நாளொன்றுக்கு 3,000 ரூபாய் என்று கொள்வோம். நோயாளி 6,000 ரூபாய் அறையில் சேர்க்கப்பட்டால், வாடகை மட்டுமல்ல, மருத்துவர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம் போன்றவையும் அதே விகிதத்தில் பாதியாக்கப்படுகின்றன. ஆனால் மருந்து, உடலில் பொருத்தப்படும் கருவிகள், பரிசோதனைகள் ஆகியவற்றின் செலவில் இந்த விகிதக் கழிவைச் செய்யக் கூடாது என 2020இலேயே ஆணையம் வழிகாட்டியுள்ளது. ஸ்டென்ட்டின் விலையிலும் கழித்திருந்தால், அது கேள்வி கேட்க வேண்டிய இடம்.

மேல்முறையீட்டின் படிகள்

முதலில், எந்த நிபந்தனையின் கீழ் கோரிக்கை மறுக்கப்பட்டது என்பதை எழுத்துப்பூர்வமாகக் கேட்டுப் பெற வேண்டும். பாலிசி, விண்ணப்பத்தின் நகல், டிஸ்சார்ஜ் சம்மரி, பில்கள், சிகிச்சை அளித்த மருத்துவரின் விளக்கக் கடிதம் ஆகியவற்றைத் திரட்டி, நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்குப் புகார் அனுப்ப வேண்டும். தொலைபேசியில் பேசியது கணக்கில் வராது. எழுத்தும் ஒப்புகையும்தான் சாட்சி.

ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றாலோ, பதில் திருப்தி தரவில்லையென்றாலோ, ஓராண்டுக்குள் ஆம்புட்ஸ்மேன் எனப்படும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். நிக்டி மக்களுக்கான அலுவலகம் புனே நகரிலேயே இருக்கிறது. கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை. 50 லட்சம் ரூபாய் வரையிலான இழப்பீட்டுக்கு உத்தரவிடும் அதிகாரம் அவருக்கு உண்டு. ஆலை நிர்வாகம் எடுத்துத் தந்த குழுக் காப்பீடும் இதில் அடங்கும். அவரது உத்தரவு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். 30 நாட்களுக்குள் நிறைவேற்றியாக வேண்டும்.

உத்தரவு நமக்குப் பாதகமானால் நுகர்வோர் ஆணையத்தின் கதவு திறந்தே இருக்கிறது. அங்கே காலவரம்பு இரண்டு ஆண்டுகள். ஆனால் வரிசை முக்கியம். ஒரே புகார் நீதிமன்றத்திலோ நுகர்வோர் ஆணையத்திலோ நிலுவையில் இருக்கும்போது குறைதீர்ப்பாளர் அதை விசாரிக்க மாட்டார்.

சங்கத்தின் வேலை

மருத்துவமனையிலிருந்து திரும்பிய நோயாளியின் குடும்பம், ஷிப்ட் வேலைக்கும் கடன்காரருக்கும் இடையே இத்தனை காகிதங்களையும் தனியாகத் திரட்டுவது எளிதல்ல. பாலிசி ஆங்கிலத்தில், வாழ்க்கையோ மராட்டியிலும் தமிழிலும் இந்தியிலும். நிறுவனத்தின் பக்கம் வழக்கறிஞர்களும் மருத்துவ ஆலோசகர்களும் இருக்கிறார்கள். தொழிலாளியின் பக்கம் யார்? இந்த இடத்தில்தான் தொழிற்சங்கம் நிற்க வேண்டும். போனஸ், ஊதிய உயர்வு போலவே மறுக்கப்பட்ட கிளைமும் சங்கத்தின் பிரச்சனை. வாரம் ஒரு மாலை, சங்க அலுவலகத்தில் மறுப்புக் கடிதங்களைப் படித்துப் பதில் எழுதித் தரும் மேசை ஒன்று போடப்படட்டும். ஒரே ஆலையின் குழுக் காப்பீட்டில் ஒரே காரணத்தால் பத்துப் பேருக்குக் கோரிக்கை மறுக்கப்பட்டிருந்தால், பத்துக் கடிதங்களும் ஒரே மேசைக்கு வரும்போதுதான் அது தெரியவரும். அப்போது அது தனிநபரின் துரதிர்ஷ்டமாக இருக்காது. நிர்வாகத்துடனான பேச்சுவார்த்தையில் வைக்கத்தக்க கோரிக்கையாகிவிடும்.

மேல்முறையீடு மட்டும் போதாது

இந்தத் தொழிலாளி ஏன் இன்சூரன்ஸ் சந்தைக்குத் தள்ளப்பட்டார் என்பதையும் கேட்க வேண்டும். சிஞ்ச்வட்டிலேயே இஎஸ்ஐ மருத்துவமனை இருக்கிறது. இஎஸ்ஐயில் அறை வாடகைக் கணக்கும் இல்லை, முன்பே இருந்த நோய் என்ற சாக்கும் இல்லை. ஆனால் அதற்கான ஊதிய உச்சவரம்பு 2017 ஜனவரியில் 21,000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டு, விலைவாசி ஏறியபோதும் பல ஆண்டுகள் அசையாமல் நின்றது. போராடிப் பெற்ற ஊதிய உயர்வே தொழிலாளியை இஎஸ்ஐயிலிருந்து வெளியேற்றும் விசித்திரம் இது.

மறுபுறம், 1973இல் தேசியமயமாக்கப்பட்ட பொதுக் காப்பீட்டுத் துறை 2000ஆம் ஆண்டு தனியாருக்குத் திறந்துவிடப்பட்டது. அந்நிய முதலீட்டு வரம்பு 26 சதவீதத்தில் தொடங்கி 49, 74 என ஏறியது. 2025 பட்ஜெட்டில் அதை 100 சதவீதமாக்கும் அறிவிப்பை ஒன்றிய அரசு வெளியிட்டது. முதலீட்டுக்கு வரம்பு தளர்கிறது. தொழிலாளியின் சிகிச்சைக்கோ வரம்பு இறுகுகிறது.

இஎஸ்ஐ உச்சவரம்பை உயர்த்துவதும், பொது மருத்துவமனைகளை வலுப்படுத்துவதும், பொதுத்துறை இன்சூரன்ஸைப் பாதுகாப்பதுமே நிலையான தீர்வு. அந்தப் போராட்டம் நீண்டது. அதுவரை, பீரோவுக்குள் கிடக்கும் கடிதங்களை வெளியே எடுப்போம். கடிதத்தின் தேதியைப் பாருங்கள், தோழர்களே. ஓராண்டு முடியவில்லையென்றால், இன்னும் நேரம் இருக்கிறது.