டூர் பஸ் அரிக்கமேட்டில் நிற்குமா?

கோஸ் என்றதும் முட்டைகோஸை நினைச்சுச் சிரிக்காதீங்க! அது ஒரு கிரேக்கத் தீவு. கி.மு. 366-ல் அந்தத் தீவு மக்கள் ஒன்றுகூடி ஒரே நகரமாக, தனி அரசாக ஆனார்கள். மருத்துவத்தின் தந்தை ஹிப்போகிரட்டிஸ் பிறந்த ஊரும் அதுதான்.

அந்தத் தீவின் சரக்கு ஒயின். அதில் கடல்நீர் கலப்பார்களாம்! (குமட்டுதா? அவங்களுக்கு அதுதான் ருசி.) ஒயின் ஜாடியின் ஒவ்வொரு கைப்பிடியும் இரண்டு மண்குழல்களை ஒட்டவைத்தது போல இருக்கும். இத்தாலியில் அதே மாதிரி ஜாடி செய்தார்கள். டூப்ளிகேட் அப்பவே உண்டு!

கோஸ் வகை ஜாடித் துண்டுகளும், ரோட்ஸ் தீவு ஜாடித் துண்டுகளும் நம்ம அரிக்கமேட்டில் கிடைத்திருக்கின்றன. 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டிய இடம் அது.

வடலூரிலிருந்து கடலூர் வழியாகப் பாண்டிச்சேரிக்கு டூர் போனால் பீச், பொட்டானிக்கல் கார்டன், ஐஸ்கிரீம், அவ்வளவுதான். வழியில் அரியாங்குப்பம் வரும். அரிக்கமேடு அங்கேதான் இருக்கு. பஸ் நிற்காது.

"அங்கே பழைய சுவரும் தோப்பும்தானே?" என்பார்கள். உண்மைதான். ஆனா அந்த ஆற்றங்கரையில் நின்றால்தான் சரக்கு எந்த வழியாக வந்ததுன்னு புரியும். ஏதென்ஸ், ஸ்பார்ட்டான்னு மனப்பாடம் பண்ணி மார்க் வாங்குறோமே, இதுக்கு ஒரு மணி நேரம் தரக்கூடாதா சார்? ஐஸ்கிரீமைக் குறைச்சுக்கிறோம்.